கால் சைன் வந்த பிறகு



பெரியப்பா எழுதுவது. உனக்கு ஹாம் வானொலி உரிமம் வந்துவிட்டதாக உன் அப்பா போனில் சொன்னான். நம் குடும்பத்தில் இன்னொரு கால் சைன் என்று உன் பெரியம்மா தெருவெல்லாம் சொல்லிவிட்டாள். இந்தச் சந்தோஷத்துக்கு நடுவில்தான் உன் ஸ்கிரீன்ஷாட் வந்தது. "டபிள்யூஎஸ்ஜேடி-எக்ஸ் வேலை செய்யவில்லை, வேறு சாஃப்ட்வேர் போடட்டுமா?" என்று கேட்டிருக்கிறாய். போடாதே. அந்தப் படத்திலேயே பதில் இருக்கிறது.

வாட்டர்ஃபால் திரையில் மஞ்சள் பட்டைகள் மேலிருந்து கீழாகத் தெளிவாக ஓடுகின்றன. அப்படியென்றால் ஆன்டெனா, ரிக் என்கிற ரேடியோ, சவுண்ட் கார்டு மூன்றும் தம் வேலையைச் செய்கின்றன. ஆனால் இடப்பக்கக் கட்டத்தில் ஒரு வரிகூட இல்லை. மோடு எஃப்டி8 தானா என்று ஒருமுறை பார்த்துக்கொள். அது சரியென்றால் கோளாறு கம்ப்யூட்டரின் கடிகாரத்தில்தான்.

எஃப்டி8-ல் உலகமே 15 விநாடிக் கூறுகளாகப் பிரிந்து வேலை செய்கிறது. ஒரு கூறில் ஒருவர் அனுப்புவார், அடுத்த கூறில் மற்றவர். அனுப்பும் நேரம் 12.64 விநாடி, மிச்சத்துக்குள் உன் கம்ப்யூட்டர் வந்த அத்தனை சிக்னல்களையும் பிரித்துப் படித்தாக வேண்டும். ஆகவே உன் கடிகாரம் ஒரு விநாடிக்குள் சரியாக இருக்க வேண்டும். அப்பாவின் பழைய லேப்டாப்பைத்தானே வைத்திருக்கிறாய்? அதன் கடிகாரம் தினமும் நழுவும். விண்டோஸ் எப்போதோ ஒருமுறை தானாகத் திருத்திக்கொள்வதை நம்பாதே. மெயின்பெர்க் என்டிபி என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது, அதைப் போட்டுவிடு. இன்டர்நெட் இல்லாத இடத்துக்கு ரிக்கை எடுத்துப் போகும் நாள் வந்தால், யுஎஸ்பியில் செருகும் சின்ன ஜிபிஎஸ் ரிசீவர் அதே வேலையைச் செய்யும்.

கடிகாரம் சரியானதும் வரிகள் கொட்டும். அப்போது டிடி என்ற பத்தியைப் பார். ஒவ்வொரு நிலையத்துக்கும் உனக்கும் எத்தனை விநாடி வித்தியாசம் என்று அது சொல்லும். ஒன்றிரண்டு பேருக்கு மட்டும் 1.5 என்று இருந்தால் அவர்கள் பாடு. எல்லோருமே ஒரே பக்கம் ஒரே அளவு விலகியிருந்தால், கோளாறு உன் கடிகாரத்தில். ஸ்டேஷனைத் திறந்ததும் நான் இந்தப் பத்தியைத்தான் முதலில் பார்க்கிறேன்.

இந்த முறையை யார் உண்டாக்கினார்கள் என்பதைத் தெரிந்து வைத்துக்கொள். ஜோ டெய்லர், இரட்டை நட்சத்திர பல்சரைக் கண்டறிந்ததற்காக ரஸல் ஹல்ஸோடு 1993-ல் இயற்பியல் நோபல் பெற்றவர். மங்கிய சிக்னலை இரைச்சலிலிருந்து பிரித்தெடுப்பதே அவர் தொழில். 2001-ல் டபிள்யூஎஸ்ஜேடி-யை ஹாம்களுக்காக எழுதத் தொடங்கினார். ஸ்டீவ் ஃப்ராங்க் என்ற இன்னொரு ஹாமோடு சேர்ந்து 2017-ல் எஃப்டி8-ஐ வெளியிட்டார். இருவர் பெயரின் முதலெழுத்துகளும், அது பயன்படுத்தும் 8 தொனிகளும்தான் அந்தப் பெயர். ஒரு செய்தியில் 77 பிட் மட்டுமே. பிழை திருத்தத்துக்கான பிட்களையும் சேர்த்து அது 174 ஆகிறது. சிக்னல் எடுத்துக்கொள்ளும் அகலம் 50 ஹெர்ட்ஸ். அதனால்தான் 2500 ஹெர்ட்ஸ் அகலத்தில் அளந்த இரைச்சலைவிட நூறு மடங்கு தாழ்ந்த சிக்னலையும் அது படித்துவிடுகிறது. உன் காதுக்கு ஒன்றுமே கேட்காது, திரையில் ஜப்பான்காரர் இருப்பார்.

இனி ஒலி. எல்லாரும் இடறுவது இங்கேதான், கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன்.

உன்னிடம் இருப்பது மைக்ரோ பிட்எக்ஸ். ஹைதராபாத்தின் அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்தது. நம் ஊரில் கிடைக்கும் பாகங்களை வைத்தே ஹாம்கள் ரிக் கட்டலாம் என்று பிட்எக்ஸ் வரிசையில் காட்டியவர் அவர். நல்ல ரிக், ஆனால் வெளிநாட்டுப் பெரிய ரிக்குகள் போல இதற்குள் சவுண்ட் கார்டு கிடையாது. ஆகவே யுஎஸ்பி சவுண்ட் கார்டு ஒன்று தனியாக வாங்கு, விலை மலிவுதான். லேப்டாப்பின் சொந்த சவுண்ட் கார்டை இதற்குக் கட்டாதே. அப்படிக் கட்டினால் வாட்ஸ்அப் மணியும் விண்டோஸின் டிங் சத்தமும் உன் கால் சைனோடு வானில் ஏறும். யுஎஸ்பி கார்டு ரிக்குக்கு, லேப்டாப்பின் ஸ்பீக்கர் மற்ற எல்லாவற்றுக்கும் என்று பிரித்துவிடு. விண்டோஸ் ஒலி அமைப்பில் இரண்டுக்கும் பேர் ஒரே மாதிரி இருக்கும். யுஎஸ்பி கார்டின் பேரை "ரிக்" என்று மாற்றி வைத்துக்கொண்டால் பிறகு குழப்பம் வராது.

அந்தக் கார்டுக்கு உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் 48000 ஹெர்ட்ஸ் என்று வை. மைக் பூஸ்ட், தானியங்கி ஒலி உயர்த்தல், இரைச்சல் நீக்கம், எக்கோ நீக்கம் எதுவும் வேண்டாம், எல்லாவற்றையும் அணை. மனிதக் குரலுக்காகச் செய்த வசதிகள் அவை. எஃப்டி8-ன் தொனியை இரைச்சல் என்றே எண்ணி அழுத்திவிடும். கம்யூனிகேஷன்ஸ் என்ற தாவலில் "எதுவும் செய்யாதே" என்பதைத் தேர்ந்தெடு. மைக் அனுமதியை விண்டோஸ் பிரைவசி பக்கத்தில் தடுத்து வைத்திருந்தாலும் வாட்டர்ஃபால் இருட்டாகிவிடும், அதையும் பார்.

சிக்னல் இல்லாத இடத்தில், வெறும் இரைச்சலை மட்டும் கேட்கும்போது, இடக்கோடியில் உள்ள பச்சை மீட்டர் 30 டெசிபல் பக்கம் நிற்க வேண்டும். ரிக்கின் வால்யூமைத் திருகி அந்த இடத்தில் நிறுத்து, அதோடு விட்டுவிடு. கூட்டினால் அதிகம் கேட்கும் என்று தோன்றும். கேட்காது, பலமான சிக்னல் ஒன்று வந்ததும் கார்டு நிரம்பி, மெல்லிய சிக்னல்கள் எல்லாம் காணாமல் போகும்.

கம்ப்யூட்டர் ரிக்கைக் கட்டுப்படுத்தும் பகுதிக்கு நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. மைக்ரோ பிட்எக்ஸ் தன்னை யேசு எஃப்டி-817 என்று காட்டிக்கொள்ளும், வேகம் 38400. போர்ட் எண் தெரியவில்லை என்றால் டிவைஸ் மேனேஜரைத் திறந்து வைத்துக் கேபிளைப் பிடுங்கிச் செருகு. மறைந்து தோன்றுவதுதான் உன் போர்ட். மென்பொருள் போர்ட்டைத் திறக்கும்போது ரிக் ஒருமுறை அணைந்து எழும். உள்ளே இருக்கும் ஆர்டுயினோவின் சுபாவம் அது, பயப்படாதே. டெஸ்ட் சிஏடி பொத்தான் பச்சையானால் போதும். ஸ்பிளிட் ஆபரேஷன் என்ற இடத்தில் "ஃபேக் இட்" என்று வை. காரணம் சொல்கிறேன். 500 ஹெர்ட்ஸ் தொனியை அனுப்பும்போது ஒலி சற்று மிகுந்தாலும் 1000-லும் 1500-லும் 2000-லும் அதன் பேய்கள் கிளம்பும். ரிக்கின் ஃபில்டர் அவற்றையும் வெளியே விடும். ஃபேக் இட் வைத்தால் மென்பொருள் டயலை நகர்த்தி, உன் தொனியை எப்போதும் 1500-க்கும் 2000-க்கும் இடையில் வைத்துக்கொள்ளும். அப்போது பேய்கள் 3000-க்கு மேல் போய் ஃபில்டரில் விழுந்துவிடும்.

இனி அனுப்பும் ஒலி. உன் ரிக்கின் மைக் குழி மைக்கின் மெல்லிய ஒலிக்காகச் செய்தது. சவுண்ட் கார்டிலிருந்து வருவது அதற்கு மிக அதிகம். வழியில் 10 கிலோ ஓம், 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டால் அதைப் பதினொன்றில் ஒரு பங்காகக் குறை. வரவு, போக்கு இரண்டு கேபிளிலும் தலா ஓர் ஆடியோ டிரான்ஸ்பார்மர் போட்டால் கரண்ட் கம்பியின் ஹம் சத்தம் வராது. கேபிளை ஃபெரைட் வளையத்தில் நாலைந்து சுற்று சுற்றிக்கொள். இல்லாவிட்டால் அனுப்பும்போது மவுஸ் தானாக நகர்வதும் யுஎஸ்பி அறுபட்டுப் போவதும் நடக்கும்.

பெரிய ரிக்குகளில், ஒலி மிகுந்தால் தானாக அடக்கும் ஏஎல்சியின் முள் அசையக் கூடாது என்று எல்லாரும் சொல்வார்கள். உன்னிடம் ஏஎல்சியே இல்லை. ஆகவே இப்படிச் செய்: ஆன்டெனாவுக்குப் பதில் டம்மி லோடு போட்டு, டியூன் பொத்தானை அழுத்தி, வலக்கோடியில் உள்ள பவர் ஸ்லைடரை மெல்ல ஏற்று. வாட் மீட்டர் ஒலியோடு சேர்ந்து ஏறிக்கொண்டே வரும், ஓர் இடத்தில் தயங்கும். தயங்கிய இடத்திலிருந்து நன்றாகவே கீழே இறக்கு. அதுதான் உன் அளவு. எஃப்டி8 பேச்சு போல விட்டு விட்டு வராது, 12 விநாடிக்கும் மேல் முழு பலத்தில் நிற்கும். உன் ரிக்கின் கடைசிக் கட்டத்தில் இருக்கும் ஐஆர்எஃப்510 டிரான்சிஸ்டர்கள் சூட்டில் வெந்துவிடும். 10 வாட் வருகிறதென்றால் 4, 5 வாட்டில் வேலை பார். எஃப்டி8-க்கு அது தாராளம்.

சரியாகத்தான் அமைத்தேன், இனி அனுப்பலாமா என்று கேட்பாய். கொஞ்ச நாள் கேள். பகலில் 14.074, இரவில் 7.074 மெகாஹெர்ட்ஸ். யார் எந்த நேரத்தில் வருகிறார்கள், ஐரோப்பா எப்போது திறக்கிறது, இந்தோனேசியா எப்போது மங்குகிறது என்று நோட்டில் எழுது. உரிமத்தில் உனக்கு எந்தெந்த பேண்டு, எத்தனை வாட், எந்தெந்த வகை சிக்னல் என்று எழுதியிருக்கும்; அந்தக் காகிதத்தை மேசைக்கு மேலே ஒட்டிவிடு. மென்பொருளின் பட்டியலில் உலகத்து ஃப்ரீக்வென்சி எல்லாம் இருக்கும். உனக்கு அனுமதி இருக்கிறதா என்று அது கேட்காது.

இந்த நாட்களில் ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொள். ஏதாவது ஓடவில்லை என்றால் ஒரே ஒன்றை மாற்று, பார், எழுது. மூன்றை ஒரே நேரத்தில் மாற்றிச் சரியாகிவிட்டால், எதனால் சரியானது என்று உனக்குத் தெரியாது. அடுத்த மழையில் அதே கோளாறு வரும்போது மறுபடி முதலிலிருந்து தேடுவாய். ஓடுகிற நிலையில் செட்டிங்ஸ் பக்கங்கள் எல்லாவற்றையும் படம் எடுத்து வை. விண்டோஸ் அப்டேட் வந்த மறுநாள் அது கைகொடுக்கும்.

கிரிட் என்ற கட்டத்தில் என்ன போடுவது என்று கேட்டிருந்தாய். காஞ்சிபுரம் எம்கே92. ஒரு வேடிக்கை பார், 80 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகையில் எழுத்து மாறிவிடுகிறது. சென்னைக்குப் போனால் என்கே03. மதுரை எம்ஜே99, இங்கே திருச்சி எம்கே90. 1980-ல் இங்கிலாந்தில் மெய்டன்ஹெட் என்ற ஊரில் ஹாம்கள் கூடி முடிவு செய்த கட்டங்கள் இவை. ரிக்கோடு ஊர் மாறினால் கிரிட்டையும் மாற்று. தொடர்புகளைக் குறித்து வைக்கும் லாகில் நேரம் யுடிசி. அதனால் காலை ஐந்தரைக்கு முன் பேசியது நேற்றைய தேதியில் விழும். அதைப் பார்த்து லாக் தப்பு என்று திருத்தி வைக்காதே.

ஆட்டோ சீக்வென்ஸ் என்ற வசதி உரையாடலைத் தானே முடித்துக் கொடுக்கும். ஒன்றரை நிமிடத்தில் ஒரு நாடு. ஆனால் ஒவ்வொரு தொடர்பையும் மனிதர்தான் தொடங்க வேண்டும் என்று மென்பொருளை எழுதியவர்களே வேண்டுமென்றே வைத்திருக்கிறார்கள். யாரும் தொடாமல் 6 நிமிடம் போனால் அனுப்புவது நின்றுவிடும். அதைத் தாண்டிக் கம்ப்யூட்டரைத் தானாக ஓடவிட்டுத் தூங்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். நீ அந்த வரிசையில் சேராதே. உரிமம் உன் பேரில் இருக்கிறது, லேப்டாப்பின் பேரில் இல்லை.

இன்னொன்று. எஃப்டி8 மட்டுமே ஹாம் வானொலி என்று இருந்துவிடாதே. அதில் சொந்தமாக எழுதி அனுப்ப 13 எழுத்துதான் இடம். ஆங்கிலத்தில் காஞ்சிபுரம் என்று எழுதினாலே 11 போய்விடும். 2004 டிசம்பரில் சுனாமி வந்தபோது, ஹாம் பயணமாக போர்ட் பிளேயருக்குப் போயிருந்த பாரதி பிரசாத்தும் அவர் குழுவினரும் அங்கிருந்தவர்களின் நலச் செய்திகளைத் தங்கள் ரிக் வழியே வெளியே சேர்த்தார்கள். அப்படி ஒரு நாளில் பேரும் ஊரும் மருந்துப் பட்டியலும் முழுதாகப் போய்ச் சேர வேண்டும். அதற்கு எஃப்எல்டிஜி என்ற மென்பொருளைப் போடு. அதில் பிஎஸ்கே31 என்ற மோடில் தட்டச்சு செய்து பேசிப் பழகு. சிக்னல் மோசமான நாளில் ஒலிவியா என்ற மோடு. நீ இப்போது கட்டுகிற இதே ஒலி இணைப்பும் இதே போர்ட்டும் அதற்கும் போதும். இரண்டு மென்பொருளையும் ஒரே நேரத்தில் திறக்காமல் இருந்தால் சரி, போர்ட்டுக்குச் சண்டை போடும்.

இந்த ஞாயிறு கடிகாரத்தைச் சரிசெய்து, அரை மணி நேரம் 7.074-ல் ஓடவிட்டு, டிடி பத்தி தெரியும்படி ஒரு படம் அனுப்பு. டம்மி லோடில் வாட் மீட்டர் எந்த இடத்தில் தயங்கியது என்பதையும் எழுது. அந்த இரண்டையும் நான் பார்க்கும் வரை ஆன்டெனாவில் டியூன் பொத்தானைத் தொடாதே.

அன்புடன்,
பெரியப்பா