64 போட்டால் 32 காட்டுகிறதா?

பார்த்துப் பார்த்துப் பாகங்கள் வாங்கி, சொந்தமாகக் கணினி அசெம்பிள் செய்பவர்கள் பலரிடம் கேட்கும் புலம்பல் இது: “64 ஜிபி ரேம் போட்டேன், 32தான் காட்டுது.”

நம்பிக்கை: ரேம் தெரியாவிட்டால் மதர்போர்டு போய்விட்டது.

உண்மை: ஒரு காலத்தில் இதில் நியாயம் இருந்தது. ரேமை ஆளும் கன்ட்ரோலர் அப்போது மதர்போர்டின் சிப்செட்டில் இருந்தது. ஏஎம்டி 2003இல் ஆத்லான் 64 வழியாக அதைப் பிராசசருக்குள் கொண்டுபோனது. இன்டெல் 2008இல் கோர் ஐ7 வழியாக. ஆகவே ஒரு சானலில், அதாவது பிராசசருக்கும் ரேமுக்கும் இடையிலான ஒரு பாதையில், உள்ள ரேம் முழுவதும் காணாமல் போனால் நான் முதலில் பார்க்கச் சொல்வது பிராசசர் உட்காரும் சாக்கெட்டை. ஏஎம்டியின் ஏஎம்5 சாக்கெட்டில் 1718 ஊசிகள் இருக்கின்றன. அவற்றில் ஒன்று வளைந்தாலும், கூலரை ஒரு பக்கமாக அழுத்தி முறுக்கியிருந்தாலும் பிராசசர் சரியாகத் தொடாமல் அந்தச் சானல் ரேம் தெரியாமல் போகலாம்.

கூலரைக் கழற்றும் முன் ஒரு சோதனை. ஒவ்வொரு ரேமாக எடுத்து, பிராசசரிலிருந்து எண்ணி இரண்டாவது ஸ்லாட்டில் தனியாகப் போட்டுப் பாருங்கள். ஒரு ரேம் மட்டும் ஓடவில்லையென்றால் கோளாறு அந்த ரேமில். எல்லா ரேமும் அங்கே ஓடி, வேறொரு ஸ்லாட்டில் மட்டும் எதுவும் ஓடவில்லையென்றால், அந்த ஸ்லாட்டையும் சாக்கெட் ஊசிகளையும் நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். கூலரைத் திரும்ப மாட்டும்போது திருகுகளை மூலைக்கு மூலை மாற்றிக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குங்கள். நல்ல போர்டு குப்பைக்குப் போவதைத் தடுக்க இந்த அரைமணி நேரம் போதும் என்பதால்தான் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன்.

நம்பிக்கை: ஆன் செய்து இரண்டு நிமிடமாகியும் திரை இருட்டாக இருந்தால் போர்டு செத்துவிட்டது.

உண்மை: டிடிஆர்5 ரேமை முதல்முறை போட்டதும், ஒவ்வொரு தடத்திலும் சிக்னல் எந்தக் கணத்தில் வந்து சேர்கிறது என்று கணினி அளந்து சரிசெய்துகொள்கிறது. ரேம் கூடக்கூட இதற்குப் பல நிமிடங்கள் பிடிக்கும். நடுவில் அணைத்தால் எல்லாம் முதலிலிருந்து. தயவுசெய்து கால்மணி நேரம் பொறுங்கள்.

நம்பிக்கை: விலையுயர்ந்த போர்டு என்றால் நான்கு ஸ்லாட்டும் நிறைந்தாலும் ரேம் பெட்டியில் போட்ட வேகம் கிடைக்கும்.

உண்மை: ரைசன் 7000 வரிசைக்கு ஏஎம்டி உறுதி தரும் வேகம் இரண்டு ரேமுக்கு 5200 MT/s, நான்கு ரேமுக்கு வெறும் 3600. பெட்டியில் இருக்கும் 6000 ஓவர்கிளாக் வேகம், ஓடினால் லாபம். 96 ஜிபி வேண்டுமென்றால் 24 ஜிபியில் நான்கு வாங்காதீர்கள், 48இல் இரண்டு வாங்குங்கள்.

நம்பிக்கை: டிடிஆர்5க்குள்ளேயே இசிசி என்ற பிழைதிருத்தும் வசதி இருப்பதால் பிழையே வராது.

உண்மை: அது சிப்புக்குள் நேரும் பிழையை மட்டும் திருத்தும். ரேமிலிருந்து பிராசசருக்குப் போகும் வழியில் நேரும் பிழையை அது அறியாது. 2009இல் கூகுள் சர்வர்களை வைத்து வெளியான ஆய்வில், ஓராண்டில் 8 சதவீதத்துக்கு மேற்பட்ட ரேம்களில் பிழை பதிவானது. ஆய்வுத் தரவோ கணக்கோ வைத்திருப்பவர்கள் தனி இசிசி ரேமே வாங்க வேண்டும்; பிராசசர், போர்டு இரண்டும் அதை ஏற்குமா என்று பணம் கட்டும் முன்பே பார்த்துவிடுங்கள்.