முதல் குழாய் பலன் தராதபோது



கண்ணுக்குள் ஒரு நீர் இடைவிடாமல் சுரந்து வடிகிறது. வடிகால் தடைபட்டால் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பு அழியும். இதுவே கிளாக்கோமா என்னும் கண் நீர் அழுத்த நோய். சொட்டு மருந்துக்கு அது அடங்காதபோது, சிறு தகட்டோடு இணைந்த மெல்லிய குழாயைப் பொருத்தி நீரை வெளியேற்றுவதுண்டு. டாக்டர் மொல்டினோ 1969ல் அறிமுகப்படுத்திய முறை இது. இக்கருவி இன்று மதுரையிலும் தயாராகிறது.

சில கண்களில், நாளடைவில் தகட்டைச் சுற்றித் தழும்பு தடித்து, நீர் கசிய வழியின்றிப் போகிறது. அழுத்தம் மறுபடியும் ஏறும். பெரும்பாலும் வலி இராது, நோயாளி அறியமாட்டார். பரிசோதனையே அதைக் காட்டும்.

அப்போதும் வழி உண்டு. கண்ணின் வேறொரு பக்கத்தில் இரண்டாவது குழாய் வைக்கலாம். அல்லது நீர் சுரக்கும் இடத்தை லேசரால் சுட்டு, சுரப்பைக் குறைக்கலாம். முன்னது கருவிழியைப் பாதிக்கக்கூடும். பின்னது மிகுந்தால் கண்ணே சுருங்கக்கூடும். ஆகவே மருத்துவர் ஒவ்வொரு கண்ணையும் ஆராய்ந்தே முடிவுசெய்கிறார்.

இழந்த பார்வை திரும்பாது. எஞ்சியதைக் காப்பதே இச்சிகிச்சை. "பார்வை தெளியவில்லையே" என்று சோர்ந்து, வராமல் நின்றுவிடுகிறவர்கள் எஞ்சியதையும் இழக்கிறார்கள். அறுவை முடிந்த ஒரு முதியவரைக் கைப்பிடித்து மறுபரிசோதனைக்கு அழைத்து வருவதும் பார்வை காக்கும் ஊழியமே.