வெள்ளமும் விண்கோளும்

மழைநீரை ஏரியில் தேக்கி, மிகுந்ததைக் கலிங்கின் வழியே அடுத்த ஏரிக்கு அனுப்பும் முறையை நம் முன்னோர் அறிந்திருந்தனர். அவ்வேரிகளுள் பல இன்று வீட்டு மனைகளாகிவிட்டன. ஆகவே, ஊருக்குள் புகும் நீர் எங்கே நிற்கும் என்பதை நாம் புதிதாகக் கற்க வேண்டியுள்ளது.

2015 டிசம்பர் 2 காலையுடன் முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை பெய்தது. அடையாறு கரை புரண்டது. முடிச்சூரிலும் கோட்டூர்புரத்திலும் மக்கள் மாடிகளில் தஞ்சம் புகுந்தனர். மீனம்பாக்கம் விமான நிலையம் சில நாட்கள் மூடப்பட்டது. இத்தகைய நகரில் அடுத்த வெள்ளம் எத்தெருவைச் சூழும் என்றறியச் செயற்கைக்கோள் எவ்வளவு துணை செய்யும் என்பதை இக்கட்டுரையில் காண்போம்.

மேகத்தைக் கடக்கும் அலை

சாதாரண ஒளிப்படக் கருவி சூரிய ஒளியை நம்பியது. வெள்ள நாளிலோ வானத்தை மேகம் மூடியிருக்கும். எனவே ராடார் பொருத்திய செயற்கைக்கோள்களே இங்குப் பெரிதும் பயன்படுகின்றன. இந்தியா 2012-இல் ஏவிய ரிசாட்-1, 2022-இல் ஏவிய இ.ஓ.எஸ்.-04, ஐரோப்பிய விண்வெளி நிறுவனத்தின் சென்டினல்-1 ஆகியவை இவ்வகையின. இவை தாமே நுண்ணலைகளை அனுப்பி, திரும்பி வருவதைப் பதிவு செய்கின்றன. சுமார் ஐந்தரை செ.மீ. நீளமுள்ள இவ்வலைகள் மேகத்தைக் கடந்து செல்லும்.

அமைதியான நீர்ப்பரப்பு கண்ணாடி போன்றது. சாய்வாக வரும் அலையை அப்பால் தள்ளிவிடும். எனவே படத்தில் நீர் கறுப்பாகத் தெரியும். கரடுமுரடான நிலம் அலையைச் சிதறடிப்பதால் சாம்பல் நிறமாகத் தெரியும். வெள்ளத்திற்கு முன்னும் பின்னும் எடுத்த படங்களை ஒப்பிட்டு, புதிதாகக் கறுத்த இடங்களைக் குறித்தால் வெள்ளப் படம் கிடைக்கும்.

நகரத்தில் வரும் சிக்கல்

வயல்வெளிக்கு இம்முறை நன்கு பொருந்தும். ஆனால் விமான ஓடுபாதையும் அகன்ற தார்ச்சாலையும் மழையில்லா நாளிலும் கறுப்பாகவே தெரியும். அவற்றின் மேல் நீர் நின்றாலும் ‘மாற்றமில்லை’ என்றே கணக்கு சொல்லும். தெருநீரில் பட்ட அலை பக்கத்துச் சுவரில் மோதி, வந்த வழியே திரும்பினால், அத்தெரு கறுப்பதற்குப் பதிலாக வெளுத்துத் தோன்றும். மேலும், சென்டினல்-1 கோள் ஒன்று அதே பாதைக்குத் திரும்ப 12 நாட்கள் ஆகும். தெருவெள்ளம் சில மணி நேரத்திலேயே வடிந்துவிடக் கூடும். படத்தில் விடுபட்ட தெரு, படகும் உணவும் அனுப்பும் பட்டியலிலும் விடுபடலாம் என்பதை நாம் மறத்தலாகாது.

இடர்ப் படம்

வெள்ளப் படம் வேறு, வெள்ள இடர்ப் படம் வேறு. முன்னது நடந்ததைக் காட்டும். பின்னது நடக்கக் கூடியதைச் சொல்ல வேண்டும். அதற்கு நில உயரம் தேவை. 2000 பிப்ரவரியில் என்டெவர் விண்கலம் திரட்டிய உயரத் தரவு இன்றும் பயன்படுகிறது. ஆனால் நெருங்கிய குடியிருப்புகளில் அது தரையோடு கூரைகளின் உயரத்தையும் கலந்தே காட்டும். சென்னை போன்ற தட்டையான நகரில் ஒரு மீட்டர் பிழையும் பெரும்பிழையே.

இக்குறையைப் பழைய நில அளவைப் படங்கள் ஓரளவு தீர்க்கும். தியாகராய நகர், மாம்பலத்தில் இருந்த நெடிய ஏரியின் மேல் 1920-களில் எழத் தொடங்கியது. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலமும் பெரிதும் சுருங்கிவிட்டது. இவற்றின் பழைய எல்லைகளைப் புதிய படத்தின் மேல் வைத்துப் பார்த்தால் நீர் தேடிவரும் பள்ளங்கள் புலப்படும். அங்கு வாழ்வோரையும் கணக்கிடல் வேண்டும். நான்கடி நீர் மாடி வீட்டாருக்குத் தொல்லை; குடிசையில் தனித்திருக்கும் முதியவருக்கோ உயிராபத்து.

நாம் செய்யக் கூடியது

மழை ஓய்ந்தபின் சுவர்களில் படியும் நீர்க்கோடு, எந்தக் கோளும் அளக்காத சான்று. அடுத்த வண்ணமடித்தலில் அது மறைந்துவிடும். அதற்குமுன் அளவுநாடாவுடன் சென்று உயரம், இடம், நாள் ஆகியவற்றைக் குறித்து, வீட்டாரிடம் நீர் வந்த நேரத்தையும் கேட்டு எழுதினால், விண்கோள் படத்தின் பிழையைத் திருத்தலாம். புவியியல் மாணவர்கள் மட்டுமன்றி, எத்துறை மாணவரும் தம் தெருவில் இப்பணியைத் தொடங்கலாம்.