கைப்பட்டியில் இரண்டு எழுத்துகள்

கடந்த தவணையில் தரம் 10 மாணவிகளிடம் ஒரு வேலை கொடுத்திருந்தேன். வீட்டிலுள்ள பழைய பொருளொன்றைக் கொண்டுவர வேண்டும். அதைப் பற்றி வீட்டார் சொல்வதை ஒரு தாளிலும், கண்ணால் பார்த்து அறிவதை இன்னொரு தாளிலும் எழுத வேண்டும். பாக்குவெட்டி, பித்தளைச் செம்பு, தேயிலை நிறுக்கும் தராசுக் கொக்கி எல்லாம் வந்தன. ஹட்டனிலிருந்து வரும் ஒரு மாணவி பிஸ்கட் டின் ஒன்றைக் கொண்டுவந்தாள். அதற்குள் நான்கு விரல் அகலத்தில், பழுப்பேறிய ஒரு வெள்ளைத் துணிப் பட்டி இருந்தது. அதன்மேல் சிவப்பில் இரண்டு ஆங்கில எழுத்துகள்.

முதல் தாளில் அவள் எழுதியிருந்தது இதுதான்: "உம்மம்மாவின் வாப்பா பட்டாளத்தில் டாக்டராக இருந்தார். இது அவர் கையில் கட்டியது. எஸ்.பி. என்பது அவருடைய பெயரின் முதலெழுத்துகள்."

இரண்டாவது தாள் வெறுமையாக இருந்தது. கேட்டதற்கு, "டாக்டர் என்றால் செஞ்சிலுவை இருக்கவேணும்தானே டீச்சர்? இதில் அது இல்லையே" என்றாள். வகுப்பில் யாரோ அதைச் சொல்லிச் சிரித்திருக்கிறார்கள். பிள்ளையின் முகம் வாடியிருந்தது. அன்றைக்கு எடுத்திருந்த பாடத்தை ஒதுக்கிவிட்டு இதையே பாடமாக்கினேன்.

போர்க்களத்து மருத்துவப் பணியாளரின் கையடையாளங்கள் பார்வைக்கு ஒன்றுபோலத் தெரியும். ஆனால் அவை பல வகை. வெள்ளைத் துணியில் செஞ்சிலுவை என்ற வழக்கம் 1864ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கையோடு வந்தது. சுவிட்சர்லாந்தின் கொடியில் சிவப்பின்மேல் வெள்ளைச் சிலுவை இருக்கிறது. அதன் நிறங்களை மாற்றிப் போட்டதுதான் செஞ்சிலுவை. அது மதச் சின்னமல்ல. என்றாலும், 1876இல் ரஷ்யாவோடு போர் மூளவிருந்த நேரத்தில், சிலுவை தன் முஸ்லிம் படைவீரர்களின் மனதைப் புண்படுத்துகிறது என்று உஸ்மானியப் பேரரசு அறிவித்து, செம்பிறையைப் பயன்படுத்தத் தொடங்கியது. 1929ஆம் ஆண்டு உடன்படிக்கை செம்பிறையையும், பாரசீகத்தின் செஞ்சிங்கமும் சூரியனும் கொண்ட அடையாளத்தையும் ஏற்றுக்கொண்டது. அந்தச் சிங்க அடையாளத்தை ஈரான் 1980இல் கைவிட்டது. ஆகவே ஒரு பழைய பட்டியில் சிங்கமும் சூரியனும் இருந்தால் அது எந்த நாட்டினது, எந்த ஆண்டுக்கு முந்தியது என்று உடனே சொல்லிவிடலாம்.

நம் மலைநாட்டுக்கும் இதில் பங்குண்டு. தேயிலைத் தோட்டத் துரைமார் சேர்ந்த துப்பாக்கிப் படையொன்று 1900இல் இங்கே உருவானது. 1914இல் அதிலிருந்து ஒரு பிரிவு கப்பலேறி எகிப்துக்குப் போய், மறு ஆண்டு கலிப்பொலியில் இறங்கியது. அவர்கள் பக்கத்தில் காயப்பட்டவரைத் தூக்கியவர் கையில் சிலுவை, எதிர்ப்பக்கத்தில் தூக்கியவர் கையில் பிறை.

அளவையும் கவனிக்க வேண்டும். 1949ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி, முழுநேர மருத்துவப் பணியாளர் இடக்கையில் அணியும் பட்டி நீர் பட்டாலும் கெடாததாக, படை அதிகாரியின் முத்திரை குத்தியதாக இருக்க வேண்டும். தேவைப்படும்போது மட்டும் அந்த வேலைக்கு வருபவரின் பட்டியிலும் அடையாளம் உண்டு, ஆனால் சிறியதாக இருக்க வேண்டும். இன்னொரு வகை, முதலாம் உலகப் போர்க்கால பிரித்தானிய மருத்துவப் படைச் சிப்பாய்களுடையது. மஞ்சள் விளிம்பிட்ட வட்டத்துக்குள் செஞ்சிலுவை, இரண்டு கைகளின் மேற்புறத்திலும் தைத்தது. கழற்றிக் கட்டும் பட்டி வேறு, சட்டையோடு தைத்த வட்டம் வேறு. உலோகச் சின்னங்களில் பாம்பை எண்ணுங்கள். பிரித்தானியச் சின்னத்தில் கோலைச் சுற்றி ஒரு பாம்பு. 1902இலிருந்து அமெரிக்கப் படை மருத்துவர் கழுத்துப்பட்டியில் அணிந்ததில் இரண்டு பாம்பும் சிறகும்.

இனி நம் பிஸ்கட் டின்னுக்கு வருவோம்.

பிரித்தானியக் காலாட்படையில் ஒவ்வொரு பட்டாலியனுக்கும் சொந்தமாக ஸ்ட்ரெச்சர் தூக்கிகள் இருந்தார்கள். பெரும்பாலும் பாண்டு வாத்தியக்காரர்களே அந்த வேலைக்குப் போனார்கள். குண்டு பட்டு விழுந்தவனை விழுந்த இடத்திலிருந்து முதலுதவி நிலையத்துக்குக் கொண்டுவருவது அவர்கள் வேலை. அங்கிருந்து பின்னால் கொண்டுபோகத்தான் மருத்துவப் படையினர். ஆனால் ஸ்ட்ரெச்சர் தூக்கியின் கையில் நாளைக்கே துப்பாக்கியைக் கொடுத்து அனுப்பலாம். மருத்துவ வேலை மட்டுமே செய்பவருக்குத்தான் செஞ்சிலுவை என்பது அன்றைய விதி. அதனால் அவர்களுக்கு வெள்ளைப் பட்டியில் இரண்டு சிவப்பு எழுத்துகளை மட்டும் கொடுத்தார்கள். ஸ்ட்ரெச்சர் என்பதன் முதலெழுத்தும், தூக்குபவர் என்று பொருள்படும் பேரர் என்ற சொல்லின் முதலெழுத்தும். அதிக தூரம் முன்னால் போனவனுக்குத்தான் குறைந்த பாதுகாப்பு! எனக்கு இது நியாயமாகப் படவில்லை. சட்டம் இயற்றியவர்களுக்கும் உறுத்தியிருக்க வேண்டும், பின்னாளில் அந்தச் சிறிய சிலுவையைச் சேர்த்தார்கள்.

ஆனால் ஒரு சிக்கல். தமிழில் எஸ்.பி. என்று எழுதினால் ஆங்கிலத்தின் இரண்டாம் எழுத்தா பதினாறாம் எழுத்தா என்று தெரியாது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் விமானக் குண்டுவீச்சுப் பாதுகாப்புச் சேவையின் ஸ்ட்ரெச்சர் குழுவினர் தலைக்கவசத்தில் பதினாறாம் எழுத்தே இருந்தது. அவர்கள் படையினரல்லர், ஊர்மக்கள். நம் பட்டியிலோ எழுத்தின் கீழ்ப்பாதியைப் பூச்சி அரித்திருந்தது. விஞ்ஞான கூடத்திலிருந்து பூதக்கண்ணாடி வந்தது. நூல் போய்விட்டாலும் ஊசித் துளைகள் போகவில்லை. கீழேயும் ஒரு வளைவு. அப்படியானால் இரண்டாம் எழுத்து. படையின் ஸ்ட்ரெச்சர் தூக்கி அணிந்த பட்டி.

டாக்டரல்ல என்று அந்தப் பிள்ளையிடம் சொல்வது இலகுவாக இருக்கவில்லை. பெற்றோர் கூட்டத்தில் அவளுடைய உம்மா என்னிடம் கொஞ்சம் மனத்தாங்கலோடுதான் பேசினார். "இவ்வளவு காலமும் ஊரெல்லாம் டாக்டரென்று சொல்லிவிட்டோமே டீச்சர்." கூடவே வந்திருந்த உம்மம்மாதான் பேச்சை மறித்தார். "வாப்பா ஒருநாளும் தன்னை டாக்டரென்று சொன்னதில்லை மகள். நாங்கள்தான் சொன்னோம். அவர் ஆள் தூக்கினேன் என்றுதான் சொல்வார். மேல் டிவிஷன் லயத்தில் யாருக்கும் வருத்தமென்றால் கம்பளியில் போட்டு ரோட்டுக்குத் தூக்கி வருவார்கள்தானே, அதைச் சொல்கிறார் என்று நினைத்தோம்."

அதற்குப் பிறகு உம்மா பேசவில்லை. டின்னை வாங்கி, பட்டியைத் தடவிப் பார்த்தார்.

பெற்றோரிடம் ஒரு வேண்டுகோள். இப்படி ஏதும் வீட்டில் இருந்தால் துவைக்க வேண்டாம், அயன் பண்ணவும் வேண்டாம். மங்கிப்போன முத்திரை ஒரே கழுவலில் போய்விடும். கிழிந்த இடத்தைப் புது நூலால் தைத்தால் பழைய துளைகள் மறைந்துவிடும். வெள்ளைக் காகிதத்தில் சுற்றி, ஈரமில்லாத இடத்தில் வையுங்கள். நுவரெலியாக் குளிருக்குப் பூஞ்சணம் பிடிக்க நாளெடுக்காது. மூத்தவர்கள் சொல்வதை அவர்கள் சொன்ன சொல்லிலேயே எழுதி வையுங்கள்.

வகுப்புக் கண்காட்சிக்கு அந்த மாணவி எழுதிய அட்டை: "கைப்பட்டி. வெள்ளைத் துணி, சிவப்பு எழுத்து. ஸ்ட்ரெச்சர் தூக்கியவர் அணிந்தது. ஓர் எழுத்து பாதி அழிந்துள்ளது, துளைகளைப் பார்க்கவும். 'ஆள் தூக்கினேன்' என்று அவர் சொன்னதாக உம்மம்மா கூறினார்." பக்கத்தில் ஒரு பூதக்கண்ணாடியையும் நூல் கட்டி வைத்திருந்தாள்.