மூட்டு வலிக்கு மத்திக் குழம்பு வைக்கும் முறை

மூட்டு வலி என்றதும் பாலில் மஞ்சள் போடத் தொடங்குகிறோம். பஜ்ஜியும் பேக்கரி பிஸ்கட்டும் மட்டும் பழையபடி நடக்கின்றன. மஞ்சளில் வீக்கம் தணிக்கும் குர்க்குமின் நூற்றுக்கு மூன்று பங்குதான், அதுவும் உடம்பில் லேசில் சேராது. மிளகோடு சேர்ந்தால் பல மடங்கு கூடுதலாகச் சேர்கிறது என்று பெங்களூரு செயின்ட் ஜான்ஸ் மருத்துவக் கல்லூரி ஆய்வு 1998இல் காட்டியது. ஆகவே மிளகு தட்டிப் போடுங்கள். ஆனால் ஆய்வில் கொடுத்த குர்க்குமின் அளவு ஒரு சிட்டிகை மஞ்சளில் வராது. நான் மீனைத்தான் பெரிதாக நம்புகிறேன்.

முதலில் எந்த வாதம் என்று தெரிந்துகொள்ளுங்கள். யூரிக் அமிலம் கூடி வரும் கவுட் என்றால் மத்தி, நெத்திலி இரண்டையும் தொடாதீர்கள், வலியைக் கூட்டிவிடும். முழங்கால் தேய்மானம், உடல் எடையும் கூடுதல் என்றால் எடைதான் முதல் வேலை: ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முட்டியின் சுமை நான்கு கிலோ குறைகிறது. காலையில் விரல்கள் விறைத்துக்கொள்ளும் சரவாங்கி (முடக்குவாதம்) உள்ளவர்களுக்குத்தான் மீன் கொழுப்பிலுள்ள ஒமேகா-3 நன்றாக உதவுகிறது.

வஞ்சிரம்தான் வேண்டும் என்று நிற்காதீர்கள். மத்தி, கானாங்கெளுத்தி போதும், விலையும் குறைவு. வயிறு கெட்டியாக, செவுள் சிவப்பாக இருக்க வேண்டும். வயிறு வெடித்த மத்தி வேண்டவே வேண்டாம். இந்த மீன்கள் ஐஸ் இல்லாமல் கிடந்தால் ஹிஸ்டமின் ஊறும். எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. சாப்பிட்டதும் முகம் சிவந்து அரிப்பதைப் பார்த்து, "எனக்கு மீன் ஒத்துக்காது" என்று பலர் ஒரேயடியாக விட்டுவிடுகிறார்கள். பெரும்பாலும் அது பழைய மீனின் குற்றம்.

இனிச் சமையல். எல்லோரும் தடுக்கி விழும் இடம் இதுதான். எண்ணெயில் முக்கிப் பொரித்தால் மீனின் நல்ல கொழுப்பு சட்டியில் இறங்கிவிடும், சட்டி எண்ணெய் மீனுக்குள் ஏறிவிடும். செதிலை மட்டும் தேய்த்து எடுங்கள், தோலை உரிக்காதீர்கள்; கொழுப்பு தோலுக்கடியிலும் வயிற்றுப் பக்கத்திலும்தான் இருக்கிறது. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி வதக்கி, புளி கரைத்து ஊற்றி, மசாலாவின் பச்சை வாடை போய்க் குழம்பு கெட்டியாகும்வரை மீனைப் போடாதீர்கள். கடைசியில் போட்டு, சிறு தீயில் ஏழெட்டு நிமிடம். கரண்டி விடக் கூடாது. சட்டியைப் பிடித்துச் சுழற்றுங்கள். மேலே மினுங்கி மிதக்கும் மீன் நெய்யை வழித்துக் கொட்டாதீர்கள், நமக்கு வேண்டியதே அதுதான். குழம்பையும் சேர்த்துச் சாப்பிடுங்கள். வறுவல் இல்லாமல் சோறு இறங்காது என்பவர்கள் மீனில் மசாலா தடவி, வாழையிலையில் மடித்துத் தோசைக்கல்லில் மூடிச் சுடலாம்.

வாரத்தில் இரண்டு மூன்று நாள். அந்த நாள்களில் அப்பளம், வடை கிடையாது. இது என் கண்டிப்பு. நல்லதைச் சேர்த்துக் கெட்டதைக் குறைக்காவிட்டால் வித்தியாசமே தெரியாது.

சைவக்காரர்கள் ஆளி விதையை லேசாக வறுத்துப் பொடித்து, தினமும் ஒரு கரண்டி இட்லிப் பொடியில் கலக்கலாம். முழு விதை அப்படியே வெளியேறிவிடும். பொடி சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். வாரத்துக்கு ஆகிற அளவு மட்டும் பொடித்து ஃபிரிட்ஜில் வையுங்கள். விதையின் ஒமேகா-3இல் கொஞ்சமே மீனின் வகையாக மாறும், ஆகவே பலனும் குறைவுதான்.

சரவாங்கி ஆய்வுகளில் நாளுக்கு ஏறக்குறைய 3 கிராம் ஒமேகா-3 கொடுத்தார்கள், பலன் தெரிய மூன்று மாதம்வரை ஆனது. குழம்பு மட்டும் அந்த அளவை எட்டாது. சரவாங்கிக்கு டாக்டர் கொடுத்த மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை நிறுத்திவிட்டு மீனை நம்பாதீர்கள். வலி அடங்கியிருந்தாலும் மூட்டு உள்ளே அரிபட்டுக்கொண்டிருக்கலாம். மீன் எண்ணெய் மாத்திரை வாங்கினால் அட்டையில் பெரிதாக எழுதிய 1000 மில்லிகிராமை விட்டுவிட்டு, பின்புறம் ஒமேகா-3 வகைகளான இ.பி.ஏ., டி.எச்.ஏ. இரண்டையும் கூட்டிப் பாருங்கள். பல மாத்திரைகளில் அது 300தான் இருக்கும். இரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்கள் டாக்டரைக் கேட்ட பிறகே வாங்க வேண்டும்.