மார்கழிக் குளிருக்கு ரோஜாவும் சாம்பிராணியும்

மல்லிகைச் சரம் சித்திரையில் மணக்கிற மாதிரி மார்கழியில் மணக்கிறதா? சட்டையில் போட்டுக்கொள்ளும் சென்ட்கூட பனிக்காலத்தில் ‘எடுப்பாக’ இல்லையே என்று நினைத்ததுண்டா? உங்கள் மூக்கில் கோளாறு இல்லை. வாசனை என்பது காற்றில் ஆவியாகிப் பறந்து வருகிற ஒன்று. குளிரில் அந்த ஆவி மெதுவாகத்தான் எழும்பும். பூவின் மணம் மெல்லியது. அது அடங்கிவிடும். பிசின், கட்டை போன்றவற்றின் கனத்த மணம் துணியிலும் கூந்தலிலும் பிடித்துக்கொண்டு நெடுநேரம் நிற்கும்.

நம் முன்னோர் இதைத் தெரிந்தே வைத்திருந்தார்கள். பத்துப்பாட்டில் ஒன்றான நெடுநல்வாடையைப் படித்தவர்களுக்கு நினைவிருக்கும். குளிர் வந்ததும் சந்தனம் அரைக்கும் கல் சும்மா கிடக்கிறது. பெண்கள் பூவைக் குறைத்துக்கொண்டு, நெருப்பு மூட்டி, அகிலும் அயிரும் புகைத்துக் கூந்தலுக்கு ஏற்றுகிறார்கள். சந்தனம் குளிர்ச்சி, அகில் சூடு. காலத்துக்கு ஏற்ற மணம்! ஆங்கிலத்தில் ‘பெர்ஃப்யூம்’ என்கிறோமே, அதுவும் ‘புகையின் வழியாக’ என்று பொருள்படும் லத்தீன் சொற்களிலிருந்து பிறந்ததுதான்.

சித்த மருத்துவத்தில் புற மருத்துவம் 32 வகை. அவற்றில் ‘புகை’யும் ஒன்று. முன்பனி, பின்பனிக் காலங்களில் மூக்கடைப்பு, தலைபாரம், சளி என்று கபம் தலைதூக்கும். சாம்பிராணி, குங்கிலியம், அகில் ஆகியவை வெப்பத் தன்மை உள்ளவை. ரோஜாவோ குளிர்ச்சி. தனியாக ரோஜாவைச் சேர்த்தால் குளிருக்கு ஒத்துவராது. சூடான பிசின்களோடு சேர்த்தால் இரண்டும் சமப்படும். வட நாட்டில் கன்னோசி அத்தர்க்காரர்களும் வெயிலுக்கு வெட்டிவேர், ரோஜா என்றும், குளிருக்கு ஹினா, ஷமாமா என்றும் பிரித்தே விற்கிறார்கள். அரபு நாடுகளில் ரோஜாவும் அகிலும் இணைபிரியா ஜோடி. அவர்கள் ‘ஊது’ என்பது நம் அகில் கட்டையைத்தான்.

வீட்டிலேயே தூபப் பொடி

நாட்டு மருந்துக் கடையில் எல்லாமே கிடைக்கும்.

சாம்பிராணி – 100 கிராம்
வெள்ளைக் குங்கிலியம் – 50 கிராம்
அகில் கட்டைத்தூள் (விலை கட்டுப்படியாகாவிட்டால் தேவதாருத் தூள்) – 50 கிராம்
கிச்சிலிக் கிழங்கு – 25 கிராம்
வெட்டிவேர் – 25 கிராம்
நிழலில் உலர்த்திய பன்னீர் ரோஜா இதழ் – 25 கிராம்

எல்லாவற்றையும் தனித்தனியே ஒன்றிரண்டாக இடித்து, கலந்து, ஈரம் படாத பாட்டிலில் வையுங்கள். ஒரு தடவைக்கு அரை டீஸ்பூன் போதும். கொட்டாங்கச்சிக் கரி இரண்டு மூன்று துண்டை வெளியே வைத்து மூட்டி, கரிப்புகை அடங்கி, மேலே சாம்பல் பூத்த பிறகு தூபக்காலில் எடுங்கள். பொடியைக் கனலின் நடுவில் கொட்டாமல் ஓரத்துச் சாம்பலில் தூவுங்கள். பிசின் உருகி மணக்க வேண்டும், கருகக் கூடாது.

இன்னொரு விஷயம். ரோஜா இதழ் நெருப்பில் பட்டால் ரோஜா மணம் வராது, கருகல் வாடைதான் வரும்! இதழ் பொடிக்கு ஒரு மென்மை தரும், அவ்வளவே. நிஜ ரோஜா மணம் வேண்டுமென்றால் துணிக்குப் புகை ஏற்றி, சூடு ஆறிய பிறகு பன்னீரை லேசாகத் தெளியுங்கள், அல்லது ஒரு சொட்டு ரோஜா அத்தரை ஓரத்தில் தொட்டு வையுங்கள். முதலில் புகை, அப்புறம் பூ. இந்த வரிசை மாறக் கூடாது.

அத்தர் வாங்கும்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். ஒரு கிலோ ரோஜா எண்ணெய்க்கு ஏறக்குறைய 3,000 முதல் 5,000 கிலோ வரை இதழ் வேண்டும். பத்து, இருபது ரூபாய்க்கு வருவது என்னவாக இருக்கும், நீங்களே சொல்லுங்கள். அதைத் துணியில் போடலாம், தோலில் வேண்டாம்.

பண்ருட்டிக்காரர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை

நம் ஊர்ப் பக்கம் எங்கே திரும்பினாலும் முந்திரித் தோப்பு. உடைத்த முந்திரி ஓடு நன்றாக எரியும் என்பதால் சிலர் அதையே தூபக்காலில் போட்டுக் கனல் எடுக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். முந்திரி உடைக்கிற பெண்களின் கைகளைப் பார்த்திருப்பீர்கள். ஓட்டிலுள்ள எண்ணெய் தோலைப் பொசுக்கிக் கொப்புளம் போட வைக்கும். அந்த எண்ணெய் புகையோடு ஏறினால் கண்ணையும் தொண்டையையும் நுரையீரலையும் சும்மா விடுமா? கொட்டாங்கச்சிக் கரிதான் நல்லது. பெயின்ட் அடித்த மரத்துண்டு, பிளாஸ்டிக் எதையும் நெருப்பில் சேர்க்காதீர்கள்.

‘கம்ப்யூட்டர் சாம்பிராணி’ பற்றியும் கேட்கிறார்கள். பெரும்பாலும் அது கரித்தூளோடு வாசனைப் பொருள் சேர்த்து அச்சில் அழுத்தியது. அவசரத்துக்கு ஏற்றினாலும், மூடிய அறைக்குள் வேண்டாம். நல்ல சாம்பிராணி சூடு பட்டதும் இளகி, லேசாக வெனிலா ஐஸ்கிரீம் போல இனிப்பாக மணக்கும். காரமாக, கண் எரியும்படி இருந்தால் பைன் மரப் பிசின் கலந்திருக்கலாம். அந்தப் பிசின் புகையைத் தொழிற்சாலைகளில் தொடர்ந்து சுவாசிக்கும் தொழிலாளர்களுக்கு ஆஸ்துமா வருவது மருத்துவ உலகம் அறிந்த உண்மை.

குழந்தைக்குப் புகை காட்டலாமா?

மார்கழி, தையில் என்னிடம் அதிகம் வருகிற கேள்வி இது. கேட்பது தாய், பக்கத்தில் முறைத்துக்கொண்டு நிற்பது பாட்டி! நாலு மாதக் குழந்தை. தினமும் தலைக்கு ஊற்றி, கதவைச் சாத்தி, கூடையைக் கவிழ்த்துச் சாம்பிராணி. குழந்தைக்கு இரவெல்லாம் ‘கீச் கீச்’ என்று இளைப்பு. “எங்க பிள்ளைங்க எல்லாத்துக்கும் இப்படித்தான்யா போட்டோம்” என்பார் பாட்டி.

பாட்டி சொல்வது பொய்யில்லை. ஆனால் அந்தக் காலத்து வீடு எப்படி இருந்தது? ஓட்டுக் கூரை, நடுவில் முற்றம், திறந்த தாழ்வாரம். புகை வந்த வழியே போய்விடும். இன்றைக்குப் பத்துக்குப் பத்து கான்கிரீட் அறை, கொசுவலை அடித்த ஜன்னல், பனி வருகிறதென்று அதையும் சாத்திவிடுகிறோம். புகை எங்கே போகும்? பிஞ்சு நுரையீரலுக்குள்தான் போகும். மூலிகைப் புகையானாலும் புகை புகைதான். அதிலுள்ள நுண்துகள் மூச்சுக்குழாயை உறுத்தும்.

அதனால் நான் சொல்லும் வழி இது. குழந்தையைப் புகையில் காட்டாதீர்கள். குழந்தையின் துணியைக் காட்டுங்கள். குளிப்பாட்டுவதற்கு ஒரு மணி நேரம் முன்னால், தாழ்வாரத்தில் தூபக்காலை வைத்து, மேலே மூங்கில் கூடையைக் கவிழ்த்து, பருத்தித் துண்டையும் சட்டையையும் ஐந்து நிமிஷம் விரியுங்கள். பிறகு உதறிக் காற்றாட விடுங்கள். குழந்தையைத் துவட்டி அந்தத் துணியில் சுற்றினால் கதகதப்பு உண்டு, மணம் உண்டு, புகை இல்லை. பாட்டிக்கும் திருப்தி! குழந்தைத் துணிக்கு அத்தர், பன்னீர் எதுவும் வேண்டாம். ஏற்கெனவே இளைப்பு உள்ள குழந்தைக்கு இந்த வாசனையும் வேண்டாம்.

குழந்தை மூச்சு விடும்போது விலா உள்ளே இழுத்தாலோ, பால் குடிக்க மறுத்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ கை வைத்தியம் பார்த்துக்கொண்டிருக்காதீர்கள். சித்த மருத்துவனான நானே சொல்கிறேன், நேரே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கனலோடு தூங்காதீர்கள்

நம்ம பண்ருட்டிக் குளிர் ஒன்றும் ஊட்டிக் குளிர் இல்லை. ஆனாலும் சாம்பிராணி போட்ட தூபக்காலைக் கட்டிலடியிலேயே விட்டுவிட்டுக் கதவைச் சாத்திப் படுப்பவர்கள் இருக்கிறார்கள். கரி எரியும்போது கார்பன் மோனாக்சைடு என்ற வாயு வரும். நிறமில்லை, மணமில்லை. நீங்கள் நுகர்வது சாம்பிராணி வாசனையை மட்டுமே. பிராணவாயுவைவிட இருநூறு மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அப்புறம் தூக்கம்... அந்தத் தூக்கம் கலையாமலே போகலாம். கனலை வாசலுக்குக் கொண்டுபோய்த் தண்ணீர் தெளித்து அணைத்துவிட்டுப் படுங்கள். யாராவது கனல் இருந்த அறையில் மயங்கிக் கிடந்தால் முதலில் கதவு ஜன்னல்களைத் திறந்து, அவரை வெளிக்காற்றுக்குத் தூக்கி வந்து, 108-ஐ அழையுங்கள்.

மனதில் வைக்க வேண்டியவை

• ஆஸ்துமா, நாள்பட்ட இருமல் உள்ளவர்கள், கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள் புகை போடும் நேரத்தில் வேறு இடத்தில் இருக்கட்டும்.
• கூந்தலுக்குப் புகை ஏற்றும்போது எண்ணெய் தடவியிருக்கக் கூடாது. நைலான் சேலையோடு கனல் பக்கம் உட்காரக் கூடாது.
• வாரம் ஒன்றிரண்டு நாள், ஐந்து நிமிஷம், ஜன்னல் திறந்தபடி. அது போதும்.
• துணியில் ஏறிய மணம் போதும். அறை முழுக்கப் புகை மூட்டம் வேண்டியதில்லை.

திருக்கடையூரில் குங்கிலியத் தூபம் போடுவதையே தொண்டாகக் கொண்ட குங்கிலியக்கலய நாயனாரை நாம் கும்பிடுகிறோம். திருவதிகைக் கோயிலில் தூபம் காட்டும்போது கண்மூடி நிற்கிறோம். அந்த மணம் நம் வீட்டிலும் இருக்கட்டும். புகை வெளியே போகட்டும், மணம் உள்ளே தங்கட்டும்!