சமூக ஊடகங்களும் கேள்விச் செல்வமும்

திருவள்ளுவர் கல்விக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். அத்துடன் நிற்காமல், 42ஆவது அதிகாரமாகக் கேள்வியையும் வைத்தார். நூலைப் படிப்பது ஒன்று. அறிந்தவர் சொல்லக் கேட்பது மற்றொன்று. தொழில் செய்வோருக்கு இரண்டும் வேண்டும். பட்டறையிலும் அலுவலகத்திலும் எழும் பல ஐயங்களுக்கு, அதே வேலையை முன்பே செய்து பார்த்தவரிடம்தான் விடை கிடைக்கும்.

கட்கியில் 1869இல் தொடங்கிய அம்யூனிஷன் ஃபேக்டரி போன்ற ஆலைகளில், புதிதாகச் சேர்ந்தவருக்குப் பக்கத்து மெஷினில் நின்ற மூத்தவரே ஆசான். இன்று நம் பிள்ளைகள் சாக்கன், பிம்பிரி, ஹிஞ்சவடி என்று பல இடங்களில் வேலை பார்க்கிறார்கள். பக்கத்து இருக்கைக்காரருக்கும் அதே வயது, அதே அனுபவம் என்றால் யாரைக் கேட்பது? இங்குதான் லிங்க்ட்இன், யூடியூப், டெலிகிராம் போன்றவை பயன்படுகின்றன.

இதற்கு ஆய்வின் துணையும் உண்டு. நெருங்கியவர்களைவிட, ஓரளவே பழகியவர்கள் வழியாகத்தான் புதிய செய்திகள் அதிகம் வருகின்றன என்று அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரானோவெட்டர் 1973இல் எழுதினார். நமக்கு நெருங்கியவர்களுக்குத் தெரிந்தது பெரும்பாலும் நமக்கும் தெரிந்திருக்கும் என்பதே காரணம். லிங்க்ட்இன் தளத்தில் 2 கோடிப் பேரை வைத்து ஐந்தாண்டுகள் நடந்த சோதனைகளின் முடிவு 2022இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. புது வேலை கிடைக்க அதிகம் உதவியவர்கள் மிக நெருங்கியவர்களும் அல்லர், முற்றிலும் அறியாதவர்களும் அல்லர்; இடைப்பட்ட பழக்கம் உள்ளவர்களே. அந்த ஆய்வு வேலை மாற்றத்தைப் பற்றியது. ஆனால் கற்பதற்கும் இது பொருந்தும் என்பது என் கருத்து. நம் சங்கத்து வாட்ஸ்அப் குழுவில் காலை வணக்கமும் கல்யாணச் செய்தியும் வரும். லேத் வேலைச் சந்தேகத்துக்கு விடை வருவது அரிது.

இனி, செய்ய வேண்டியவை:

1. நம் தொழிலில் ஐந்து, பத்து ஆண்டுகள் மூத்தவர்களாக, வேறு ஊரிலோ வேறு நிறுவனத்திலோ இருப்பவர்களைத் தேர்ந்து, அவர்கள் எழுதுவதைத் தொடர்ந்து படியுங்கள்.

2. கேள்வியைத் தெளிவாகக் கேளுங்கள். "டிரில்லிங் பற்றிச் சொல்லுங்கள்" என்றால் யாரும் பதில் எழுதமாட்டார்கள். "ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் துளையிடும்போது டிரில் சீக்கிரம் மழுங்குகிறது, வேகம் இவ்வளவு, ஃபீட் இவ்வளவு, இந்தக் கூலன்ட், வேகத்தைக் குறைத்தும் பார்த்தேன்" என்று கேட்டால், அனுபவசாலி உடனே பிடித்துக்கொள்வார். டிரில் வெட்டாமல் உரசினால் அந்த உலோகம் இறுகிவிடும், ஃபீட்டை விடாமல் சீராகக் கொடுங்கள் என்பார்.

3. கிடைத்த பதிலைச் சரிபாருங்கள். 2003இல் ஏழு ஐ.ஐ.டி.க்களும் பெங்களூர் இந்திய அறிவியல் கழகமும் சேர்ந்து தொடங்கிய என்.பி.டி.இ.எல். பாடங்கள் யூடியூபில் இலவசமாக உள்ளன. ஒருவரின் அனுபவத்தைப் பாடத்தோடும் மெஷின் கையேட்டோடும் ஒப்பிட்டால்தான் காரணம் விளங்கும்.

4. செய்து பார்த்து என்ன ஆயிற்று என்று திரும்ப எழுதுங்கள். பதில் சொன்னவருக்கு அது மரியாதை; பின்னால் வருபவருக்குப் பாடம்.

ஓர் எச்சரிக்கை. பாதுகாப்புத் தளவாட ஆலைகள் 2021 அக்டோபரில் அரசு நிறுவனங்களாக மாற்றப்பட்டன. கட்கி ஆலை மியூனிஷன்ஸ் இந்தியா லிமிடெட்டின் கீழ் வந்தது. ஆனால் 1923ஆம் ஆண்டின் அலுவலக இரகசியச் சட்டம் அப்படியே இருக்கிறது. ஆலைக்குள் எடுத்த படம், வரைபடம், உற்பத்தி அளவு எதையும் எந்தக் குழுவிலும் போடக்கூடாது. தனியார் நிறுவனத்தின் டிராயிங்கும் புரோகிராமும் அப்படியே. பொருளின் பெயரும் வாடிக்கையாளர் பெயரும் இல்லாமலே உலோகத்தைப் பற்றிக் கேட்க முடியும். அவசரத்தில் அனுப்பிய ஒரு படத்தால் குடும்பத்தின் பிழைப்பே போய்விடக்கூடும்.

நம்மிடையே ஓய்வு பெற்ற டர்னர்கள், ஃபிட்டர்கள், வெல்டர்கள் பலர் இருக்கிறார்கள். பிள்ளைகள் அவர்களுக்கு இந்தத் தளங்களில் ஒரு கணக்குத் தொடங்கிக் கொடுத்தால், எங்கோ கோவையிலோ ஓசூரிலோ திணறும் ஓர் இளைஞனுக்கு அவர்களே மூத்தவர் ஆவார்கள்.